தோள்வார் சேரும் இடம்

நான் தைத்த முதல் முதுகுப்பை, மலையேற்றத்தின் இரண்டாம் நாள் முற்பகலில் கிழிந்தது. செங்குத்தான ஏற்றம் ஒன்றை முடித்து, பையைப் பாறைமேல் இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தேன். மறுபடி தூக்குவதற்காக இடது வாரைப் பிடித்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றினேன். சர்ரென்று ஒரு சத்தம். வார் கையோடு வந்துவிட்டது. பை பாறையில் விழுந்து பக்கவாட்டில் சரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து கிழிந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் ஓரிடத்தில்கூட அறுந்திருக்கவில்லை. வாரின் முனையில் நான் போட்ட ஐந்து வரித் தையலும் குலையாமல் இருந்தது. அந்தத் தையலோடு சேர்ந்து ஒரு துண்டுத் துணிதான் பையிலிருந்து பிய்ந்து வந்திருந்தது. பிய்ந்த விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனால் தபால்தலையின் ஓரத்தைப் போல வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள்.

தபால்தலைத் தாளில் எதற்காக ஓட்டை போடுகிறார்கள்? அந்தக் கோட்டில் கிழிய வேண்டும் என்பதற்காக. அதே வேலையைத்தான் நான் என் பையின் துணிக்குச் செய்திருந்தேன். தையல் கூடினால் பலம் கூடும் என்று நம்பி, மெஷினின் தையல் நீளத்தை 1 மில்லிமீட்டருக்குக் குறைத்து, 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஐந்து வரி ஓட்டியிருந்தேன். வரிக்கு 60 வீதம் 300 ஓட்டைகள், எல்லாம் இழுவைக்குக் குறுக்கே. நான் பயன்படுத்திய ஊசி 90ஆம் எண். ஊசியின் எண் என்பது அதன் தடிமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் சொல்வது. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஒரு முறை 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி இறங்கினால் இடையில் துணி என்று என்ன மிஞ்சும்? சாதாரண நெசவுத் துணியாக இருந்தால் ஊசிக்கு இழைகள் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். நீர் புகாத பூச்சு ஏற்றிய துணியில் இழைகள் பூச்சோடு ஒட்டிக்கிடப்பதால் விலகுவதற்கு அவ்வளவு இடமில்லை.

அந்தப் பையைத் தைத்துக்கொண்டிருந்தபோதே அம்மா சொன்னார். வீட்டில் எல்லோருடைய துணிகளையும் பல வருடங்களாகத் தைத்தவர் அவர். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இத்தனை தடவை ஊசி ஏற்றினால் துணி என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். "பலமாக இருக்கட்டும் அம்மா" என்றேன். மலையிலிருந்து திரும்பியதும் பிய்ந்த துண்டை அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நூல் விடவில்லை, துணிதான் விட்டிருக்கிறது. நூல் விட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் தைத்திருப்பாய்" என்றார். நான் படித்த எந்தத் தையல் குறிப்பைவிடவும் எனக்குப் பயன்பட்டது இந்த ஒரு வாக்கியம்தான். பையின் மூட்டு ஒன்று தோற்றுப்போவதானால் முதலில் நூல் அறுந்து தோற்க வேண்டும். துணி கடைசி வரை முழுதாக நிற்க வேண்டும். நூலுக்கு மாற்று நூல் உண்டு. கிழிந்த துணிக்கு ஒட்டுத்தான் போட முடியும்.

முதுகுப்பையை ஏன் வீட்டில் தைக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் தராசைத்தான் காட்டுவேன். அதற்கு முன் நான் சுமந்துகொண்டிருந்த பெரிய பை, உள்ளே ஒன்றுமே இல்லாமல் 2 கிலோவுக்கு மேல் எடை. அலுமினியச் சட்டகம், தடித்த இடுப்புப் பட்டை, மூடி, மூடிக்குள் ஒரு அறை, ஐந்தாறு ஜிப்புகள் என்று எல்லாமே எடைதான். அந்தச் சட்டகம் இருப்பதே 18, 20 கிலோவைத் தாங்குவதற்காக. நான் தூக்கிப்போவதோ தண்ணீரும் உணவும் சேர்த்து 8 கிலோ. எட்டுக் கிலோவைத் தூக்க இரண்டு கிலோவில் ஒரு பை எதற்கு?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே செயலில் கேட்டவர் எம்மா கேட்வுட். 1955ஆம் ஆண்டு, 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை அவர் தனியாக நடந்து முடித்தார். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 3,300 கிலோமீட்டர் அளவு. ஒரே பருவத்தில் அதைத் தனியாக முடித்த முதல் பெண் அவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் கொண்டுபோன பை, டெனிம் துணியில் தம் கையாலேயே தைத்த ஒரு சாக்குப்பை. வாரோ சட்டகமோ கிடையாது. ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மழைக்கு ஒரு குளியலறைத் திரை. உள்ளே போட்டது குறைவாக இருந்ததால் அந்தப் பையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதன்பின் அதே பாதையை இன்னும் இரண்டு முறை நடந்தார்.

பிறகு 1990களில் ரே ஜார்டின் வந்தார். விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்தவர். பாறையேறுபவர்கள் வெடிப்புகளில் செருகும், விரிந்து கவ்விப்பிடிக்கும் கருவியை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். மலைநடைக்கான பையையும் மழைக்கூரையையும் நீங்களே தைத்துக்கொள்ளலாம் என்று நடப்பவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவருடைய பையில் சட்டகம் இல்லை, இடுப்புப் பட்டைகூட இல்லை. குழாய் போலத் தைத்த ஒரு துணி, ஒரு அடிப்பாகம், இரண்டு வார்கள். இன்று வீட்டில் தைக்கப்படும் பெரும்பாலான இலகு பைகளுக்கு அதுதான் மூதாதை. எல்லோருக்கும் இடுப்புப் பட்டை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டகம் இல்லாத பையில் 9, 10 கிலோவைத் தாண்டினால் தோள் வலிக்கத் தொடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

அதனால் பையைக் கடைசியாகத்தான் தைக்க வேண்டும். கூடாரம், தூங்கும் பை, மழைச்சட்டை, அடுப்பு, உணவு எல்லாம் முடிவான பிறகு அவற்றை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கி, கையால் சற்று அழுத்தி, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு வந்துவிடுகிறது. எனக்கு வந்தது 33 லிட்டர். 30 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் ஆழம், 70 சென்டிமீட்டர் உயரம் என்று முடிவுசெய்தேன். வாயைச் சுருட்டிக் கட்டும் பை என்பதால் அதற்கு மேல் இன்னும் 25 சென்டிமீட்டர் துணி.

இந்த இடத்தில் ஒரு கணக்கை நான் முதல் பையில் கவனிக்கவில்லை. 30க்கு 16 என்ற செவ்வகத்தின் சுற்றளவு 92 சென்டிமீட்டர், பரப்பு 480 சதுர சென்டிமீட்டர். அதே 92 சென்டிமீட்டர் துணி வட்டமாக உப்பினால் பரப்பு ஏறத்தாழ 673 ஆகிவிடும். அதாவது 40 சதவீதம் கூடுதல். உள்ளே பொருளைத் திணிக்கத் திணிக்கத் துணி எப்போதும் வட்டத்தை நோக்கித்தான் போகும். காகிதத்தில் தட்டையாக வரைந்த முதுகுப் பக்கம் பீப்பாயாகி முதுகெலும்பில் உருளும். இதற்கு நான் கண்ட வழி, தூங்கும் பாயை நான்காக மடித்து முதுகுப் பக்கத்தில் முதலில் செருகிவிடுவது. பாயே சட்டகமாகிவிடுகிறது. இரு பக்கமும் இழுத்துக் கட்ட ஒரு மெல்லிய கயிறு வைத்தால் பை தட்டையாக நிற்கும்.

துணியைப் பற்றிப் பேசும்போது டெனியர் என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். எவரெஸ்டின் உச்சிக்கும் கடல்மட்டத்துக்கும் இடையே 8,849 மீட்டர். அதைவிடச் சற்று நீளமான ஓர் இழை வெறும் 70 கிராம் இருந்தால் அது 70 டெனியர். என் முதல் பை அந்தத் துணியில் தைத்தது. இரண்டாவது பைக்கு 210 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான் எடுத்தேன். ரிப்ஸ்டாப்பில் சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை தடித்த இழை ஓடிச் சிறு கட்டங்களாகத் தெரியும். முள் குத்திக் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த தடித்த இழை வரை வந்து நின்றுவிட வாய்ப்பு அதிகம். சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவு எடை. முழுப் பைக்கும் ஒன்றேகால் சதுர மீட்டருக்குள் போதும். கனமான துணிக்கு மாறியதால் எனக்குக் கூடிய எடை நூறு கிராம்கூட இல்லை.

பூச்சிலும் வித்தியாசம் இருக்கிறது. சிலிகான் ஏற்றிய துணி வழுவழுப்பாக இருக்கும். அதில் இழைகள் இழுவைக்கு நகர்ந்து ஒன்றையொன்று தாங்கும் என்பதால் கிழிசலை நன்றாக எதிர்க்கும். பாலியூரித்தேன் பூச்சு இழைகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் கிழிசல் எளிதாக ஓடும், ஆனால் மெஷினில் நழுவாமல் தைக்க வசதி. படகுப் பாய்களுக்காக உருவான அடுக்குத் துணிகளும் இப்போது பைகளுக்கு வந்துவிட்டன. அவற்றில் டைனீமா படலத் துணி மிக இலேசானது, இழுவைக்கு அபாரமான பலம். ஆனால் அதன் இழை 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஊசி போட்ட ஓட்டை அதில் ஓட்டையாகவே நின்றுவிடும். அதைத் தைப்பதைவிடப் பசைநாடாவால் ஒட்டுகிறவர்கள் அதிகம். முதன்முதலாகத் தைப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எதுவானாலும், முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒரு முழு மாதிரி தைத்து, அதில் பொருளை நிரப்பித் தோளில் போட்டுப் பாருங்கள். எனக்கு வாரின் இடம் 4 சென்டிமீட்டர் தவறாக இருந்தது அந்த மாதிரியில்தான் தெரிந்தது.

நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் மட்கும். நைலான் நூல் பலமானது என்றாலும் வெயிலைப் பாலியெஸ்டர் அளவுக்குத் தாங்காது. பூச்சுத் துணியில் குண்டூசி குத்தினால் அதுவும் நிரந்தர ஓட்டைதான், ஆகவே துணி உலர்த்தும் கிளிப்புகளால் பிடித்துக்கொண்டேன். மெஷின் அம்மாவுடையது, கையால் சுற்றுவது, நேர்த்தையல் மட்டுமே போடும். மோட்டார் இல்லாததை நான் குறையாக நினைக்கவில்லை. நான்கு மடிப்புத் துணியும் இரண்டு நாடாவும் சேரும் இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி ஒவ்வொரு அடுக்காக இறங்குவது விரலுக்குத் தெரிகிறது.

இனி தோள்வார். இதில் அவசரப்படக் கூடாது.

தோள்வார் நேர்பட்டையாக இருந்தால் கழுத்தை அறுக்கும். மேலே கழுத்திலிருந்து விலகி, மார்பைச் சுற்றி, அக்குளின் கீழே திரும்பும்படி வளைந்திருக்க வேண்டும். 7 சென்டிமீட்டர் அகலத்தில் காகிதத்தில் வரைந்து, வெட்டி, கண்ணாடி முன் தோளில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது காகிதம்தான் சரியாகப் படிந்தது. இடது வலது இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்க வேண்டும் என்பதால், துணியை மடித்து வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டுவது நல்லது. வெளிப்பக்கம் ரிப்ஸ்டாப், உடம்பில் படும் பக்கம் காற்றோடும் தடித்த வலைத்துணி, நடுவில் 5 மில்லிமீட்டர் ஃபோம். ஃபோம் மெத்தைக்குத்தான், பாரத்தைத் தாங்குவது அதுவல்ல. பாரம் முழுவதும் வாரின் நடுவில் நீளவாக்கில் ஓடும் 20 மில்லிமீட்டர் நைலான் நாடா வழியாகத்தான் போகிறது. அந்த நாடா மேலே எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி.

முதல் பையில் நாடா வாரின் விளிம்போடு முடிந்திருந்தது. வாரை முதுகுத் துணியின் மேல் வைத்து அப்படியே தைத்திருந்தேன். சுவரில் ஒட்டிய பசைநாடாவைச் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி இழுத்தால் வராது. ஒரு முனையைத் தூக்கி உரித்தால் சுலபமாக வந்துவிடும். மேலே வைத்துத் தைத்த வார் ஒவ்வோர் அடிக்கும் இப்படி உரிபட்டுக்கொண்டே இருந்தது. பாரம் முழுவதையும் ஒரு நேரத்தில் முதல் வரித் தையல் மட்டுமே வாங்கியது.

இரண்டாவது பையில் முதுகுத் துணியையே தோள் மட்டத்தில் குறுக்காக இரண்டாக வெட்டினேன். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்மட்டம் வரை அளந்தால் எனக்கு 47 சென்டிமீட்டர். வார் சேரும் மட்டத்தை இந்த அளவை வைத்தே குறித்தேன். சட்டகம் இல்லாத பையில் வார் தோளின் உச்சிக்குச் சற்றுக் கீழே, முதுகுப் பக்கம் சேர வேண்டும். அப்போதுதான் அது தோளை வளைத்துப் படியும். வெட்டிய இரண்டு துண்டுகளுக்கும் நடுவே வார்களின் முனைகளைச் செருகி, தூக்கும் காதையும் சேர்த்து, ஒரே தையலில் மூடினேன். வார்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் இடைவெளி. முனைகள் கழுத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்.

பிறகு அந்தத் தையல் விளிம்பைக் கீழ்ப்பக்கமாக மடித்து, உள்ளே 5 சென்டிமீட்டர் அகல நைலான் நாடா ஒன்றைக் குறுக்காக, ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை முழு 30 சென்டிமீட்டருக்கும் வைத்தேன். வாரின் நடுநாடா வாரோடு நின்றுவிடாமல் 8 சென்டிமீட்டர் கூடுதலாகக் கீழிறங்கி இந்தக் குறுக்கு நாடாவின் அடியில் புகுந்து முடிகிறது. அதைப் பிடித்த தையல்களில் நீளமானவை இழுவையின் திசையிலேயே ஓடுகின்றன. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். அதே 90ஆம் எண் ஊசிதான். இப்போது இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டருக்கு மேல் முழுத் துணி நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன். ஒரு வாருக்கு 70 ஓட்டைகள்.

கீழ் முனையிலும் இதே எண்ணம்தான். நாடாவை நேராகப் பக்கத் தையலில் செருகினால் 2 சென்டிமீட்டர் துணிதான் முழுப் பாரத்தையும் வாங்கும். அதனால் கையகலத்தில் ஒரு முக்கோணத் துணித்துண்டை மடித்து, அதன் உச்சியில் நாடாவை நடுவில் வைத்துத் தைத்து, முக்கோணத்தின் அடியைப் பக்கத் தையலுக்குள் விட்டேன். இழுவை 9 சென்டிமீட்டருக்குப் பரவிவிடுகிறது. மற்றபடி பையின் குழாயும் அடிப்பாகமும் நேர்க்கோட்டுத் தையல்கள். முன்பக்கம் ஒரு வலைப்பை, பக்கத்தில் தண்ணீர்ப் புட்டிக்கு இரண்டு பைகள். அவற்றை முதுகுப் பக்கம் சற்றுச் சரிவாக வெட்டினால் நடந்துகொண்டே புட்டியை எடுத்து வைக்கலாம். உள் விளிம்புகளில் பிசிறு வராமல் ஓரநாடா கட்டினேன். தையல் வழியாக மழைநீர் எப்படியும் இறங்கும். அதைப் பசையால் அடைத்துக்கொண்டிருப்பதைவிட, உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பொருளைப் போடுவதே நிச்சயமானது.

தைத்து முடித்த பையின் எடை 412 கிராம்.

அதை நான் நேரே மலைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு லிட்டர் புட்டிகள் பன்னிரண்டில் தண்ணீர் நிரப்பி, 12 கிலோவாகப் பைக்குள் வைத்து, ஒரே ஒரு வாரைப் பிடித்து இரும்புக் கம்பியில் தொங்கவிட்டேன். இரவு முழுவதும் தொங்கியது. காலையில் அதே வாரைப் பிடித்து இருபது முறை குலுக்கித் தூக்கி இறக்கினேன். பிறகு புட்டிகளை எடுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, பைக்குள் டார்ச் விளக்கை ஏற்றி வைத்தேன். தையல் ஓட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தன. துணி இழுபட்டிருந்தால் அந்தப் புள்ளிகள் நீண்டு கீற்றாகியிருக்கும். அம்மாவும் வந்து குனிந்து பார்த்தார். பக்கத் தையலில், முக்கோணம் சேரும் இடத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் சற்று நீண்டிருந்தன. "இங்கே நூலை இறுக்கிவிட்டாய்" என்றார். அந்த இடத்தைப் பிரித்து, உள்ளே ஒரு துண்டு நாடா வைத்து மறுபடி தைத்தேன். தோள்வார் சேரும் இடத்தில் எல்லாப் புள்ளிகளும் வட்டமாகவே இருந்தன.

மூன்று வருடங்களாக அந்தப் பைதான் என் முதுகில் இருக்கிறது. அடிப்பாகம் பாறைகளில் உரசித் தேய்ந்து ஒருமுறை ஒட்டுப் போட்டாயிற்று. முன்பக்க வலைப்பை முள்ளில் மாட்டி ஓரிடத்தில் பிய்ந்திருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். போன மழைக்காலத்து நடைக்குப் பிறகு பையைக் கழுவிக் காயவைத்தபோது, இடது வாரின் குறுக்குத் தையலில் நான்கைந்து தையல் தூரத்துக்கு நூல் அறுந்திருந்ததைக் கண்டேன். துணியைத் தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூட நகரவில்லை. மெஷினைத் திறக்காமல், கையூசியில் நூல் கோர்த்து, பழைய ஓட்டைகளிலேயே ஒவ்வொன்றாக ஊசியை விட்டுத் தைத்து முடிச்சிட்டேன். புதிதாக ஓர் ஓட்டை போடவில்லை.